பழைய ரம்பத்தில் ஒரு சுரண்டுதகடு... கையை உரிக்காத மம்பட்டிக் கணை!

தாமிரபரணிப் பாசனத்தில் ஜூன் பிறந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீரை எதிர்பார்த்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். தண்ணீர் வந்த நாளிலிருந்து மம்பட்டிக்கு ஓய்வு கிடையாது. வரப்பு வெட்ட வேண்டும், மூலை கொத்த வேண்டும், மடை திறந்து மூட வேண்டும், வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் கணை முறியும். முறியாத கணையாக இருந்தால் சிலாம்பு கிளம்பி உள்ளங்கையில் ஏறும். முன்பு ஊருக்கு ஓர் ஆசாரி இருந்தார். காலையில் கொடுத்தால் மாலையில் கணை போட்டுத் தருவார். இன்று பல கிராமங்களில் ஆசாரி பட்டறை இல்லை. கணை வாங்க டவுனுக்குப் போய் வந்தால் அரை நாள் வேலை போகிறது. வாங்கி வந்த கணையும் பெரும்பாலும் மெஷினில் கடைந்து, மேலே வார்னிஷ் அடித்ததாக இருக்கும். ஈரக்கையில் வழுக்கும், வெயிலில் கொப்புளம் போடும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு, வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கை ரம்பத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு வெட்டி, விளிம்பைச் சரியாகத் தீட்டிக்கொண்டால் மரத்தை வழவழப்பாகச் சுரண்டி எடுக்கும் கருவி தயார். தச்சுப் பட்டறைகளில் இதை 'ஸ்கிரேப்பர்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் சுரண்டுதகடு என்றே வைத்துக்கொள்வோம். இதைச் செய்ய கரண்ட் வேண்டாம், பெரிய பட்டறையும் வேண்டாம். ஒரு தட்டை அரம், ஒரு தீட்டுக்கல், ஒரு வழவழப்பான இரும்புக் கம்பி இருந்தால் போதும்.

உப்புத்தாள் இருக்க, இது எதற்கு?

உப்புத்தாள் மரத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்த்த இடத்தில் நார் நுனிகள் நசுங்கிப் படுத்திருக்கும். கை வியர்வையும் சேற்று ஈரமும் பட்டதும் அவை மீண்டும் எழுந்து சொரசொரப்பாகிவிடும். சுரண்டுதகட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கொக்கி இருக்கிறது. அது மிக மெல்லிய இழைப்புளி போல நாரை வெட்டி எடுக்கும். அதனால் மேற்பரப்பு ஈரம் பட்டாலும் பெரிதாக எழும்பாது.

இரண்டாவது காரணம், நம் ஊர் மரங்களின் குணம். வேம்பு, வாகை போன்றவற்றில் நார் ஓட்டம் ஒரே திசையில் இருக்காது. ஓர் அடுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இழைப்புளியைத் தள்ளினால் ஒரு பக்கம் வழவழப்பாக வரும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். சுரண்டுதகடு மிகக் குறைவாகவே எடுப்பதால் இப்படிப் பிய்க்காது.

மூன்றாவது, மூச்சுக்கு நல்லது. உப்புத்தாள் கிளப்பும் நுண்தூள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாள் முழுவதும் தேய்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றாலும், வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது தூள் கிளப்பாத முறையே நல்லது. சுரண்டுதகட்டில் வருவது சுருள். அது காலடியில் விழும், கூட்டி அள்ளிவிடலாம்.

தேரிக்காட்டுக் கல்லிலிருந்து சொப்புச் சாமான் வரை

சுரண்டிச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிகளில், சாயர்புரம் போன்ற இடங்களில், கற்கால மனிதர்கள் செய்த சிறு கல் கருவிகள் கிடைத்தன. சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். குவார்ட்ஸ் போன்ற கற்களை உடைத்துச் செய்த அந்தக் கருவிகளில் சுரண்டிகளும் உண்டு. பின்னர் வந்த இரும்புக் காலத்துக்கு ஆதிச்சநல்லூர் சாட்சி. 1876-ல் ஜெர்மானியரான ஜாகரும், அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீயும் அங்கே தோண்டியபோது, தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன.

அதே ஆற்றங்கரையில் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானுக்குப் பெயர் பெற்றது. அங்கும் அடிப்படை சுரண்டல்தான். ஒரே வித்தியாசம், அங்கே மரம் சுழலும், உளி நிற்கும். கடைசலில் சுழலும் கட்டையின் மேல் உளி விளிம்பை வைத்து வடிவம் எடுப்பார்கள். கடைசியில் விளிம்பை லேசாகச் சாய்த்து மேற்பரப்பைச் சுத்தம் செய்வார்கள். அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அடியில் மரம் சொரசொரப்பாக இருந்தால் எவ்வளவு அரக்கு பூசினாலும் பளபளப்பு வராது. குழந்தை வாயில் வைக்கும் பொருளாயிற்றே, சிலாம்பும் இருக்கக் கூடாது. விளிம்பு கூராக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்பதைக் கடைசல் பட்டறையில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெளிநாடுகளில் வயலின் செய்கிறவர்கள் இன்றும் பலகை முகத்தை உப்புத்தாளால் தேய்த்து முடிக்காமல், இப்படிப்பட்ட எஃகுத் தகட்டால் சுரண்டியே முடிக்கிறார்கள்.

எந்த இரும்பு ஆகும்?

பழைய கை ரம்பம்தான் முதல் தேர்வு. அது கார்பன் எஃகு. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். விரலால் அழுத்தினால் லேசாக வளையும், விட்டதும் நேராகும். முக்கோண அரத்தால் பல் தீட்டுகிற ரம்பம் என்றால், அரத்துக்குப் படியும் எஃகு என்று அர்த்தம். புதிய ரக ரம்பங்கள் சிலவற்றில் பல் நுனி மட்டும் கருநீலமாகத் தெரியும். அந்தப் பகுதியை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். அங்கே அரம் வழுக்கும். அந்தப் பல் வரிசையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

மரம் அறுக்கும் மில்லில் அறுந்துபோன பட்டை ரம்பத் துண்டு கிடைத்தால் அதுவும் நல்லது. இரும்பு அறுக்கும் கை ஆக்ஸா பிளேடு அகலம் குறைவு என்பதால் அரிவாள் பிடி போன்ற சின்ன வேலைக்கு மட்டும் ஆகும். தகர டின், கதவுக் கீல், தட்டு போன்ற மெல்லிரும்பு ஆகவே ஆகாது. அவற்றில் கொக்கி எழுந்தாலும் இரண்டு இழுப்பில் மடங்கிவிடும்.

செய்முறை

1. வெட்டுதல்: ரம்பத் தகட்டில் ஐந்து அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் அரத்தின் மூலையால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, வைஸில் இறுக்கி, துணி போட்டு மூடி மெதுவாக வளைத்தால் கீறலில் முறியும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. முறியும் எஃகுத் துணுக்கு கண்ணுக்குப் பாயும். வெல்டிங் பட்டறையில் கிரைண்டரால் வெட்டச் சொன்னால், இடையிடையே தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அந்தப் பகுதியை அரத்தால் எடுத்துத் தள்ள வேண்டும்.

2. விளிம்பைச் சதுரமாக்குதல்: மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே தகட்டை நிறுத்தி, விளிம்பு நூலளவு மட்டும் மேலே தெரியும்படி இறுக்குங்கள். வைஸ் இல்லாதவர்கள், ஒரு கட்டையில் ரம்பத்தால் வெட்டுப் போட்டு அதில் தகட்டைச் செருகி ஆப்பு வைக்கலாம். தட்டை அரத்தைத் தகட்டின் நீளவாக்கில் ஓட்டுங்கள். அரம் இரண்டு கட்டைகளின் தலையையும் சமமாகத் தொட்டால், விளிம்பு இரு முகங்களுக்கும் செங்குத்தாக வந்துவிட்டது. நான்கு மூலைகளையும் சற்றே மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் கோடு விழும்.

3. கல்லில் தீட்டுதல்: அரம் போட்ட விளிம்பில் நுண்ணிய வரிகள் இருக்கும். தகட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தித் தீட்டுக்கல்லில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் ஓட்டினால் கல் குழிவிழும் என்பதால் கொஞ்சம் கோணலாக இடம் மாற்றி ஓட்டவும். பிறகு தகட்டைப் படுக்கவைத்து இரு முகங்களையும் விளிம்பு ஓரம் தேய்த்துப் பிசிரை எடுங்கள். விரல் நகத்தை விளிம்பில் ஓட்டினால் எங்கும் தடங்கக் கூடாது.

4. கம்பியால் அழுத்துதல்: தகட்டைவிடக் கடினமான, வழவழப்பான கம்பி வேண்டும். பைக் மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட இன்ஜின் வால்வின் தண்டு இதற்கு ஏற்றது. நல்ல உளியின் முதுகும் ஆகும். தகட்டை மேசை ஓரத்தில் படுக்கவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கம்பியை விளிம்பு ஓரமாக முகத்தின் மேல் அழுத்தி ஐந்தாறு முறை இழுங்கள். இரு முகத்துக்கும் இப்படிச் செய்ய வேண்டும்.

5. கொக்கி எழுப்புதல்: தகட்டை நெட்டுக்குத்தாக இறுக்குங்கள். கம்பியை விளிம்பின் மேல் முதலில் மட்டமாக வைத்து இரண்டு இழுப்பு, பிறகு லேசாக ஒரு பக்கம் சாய்த்து இரண்டு மூன்று இழுப்பு. சாய்வு மிகக் குறைவாக, ஐந்து முதல் பத்து டிகிரிக்குள் இருக்கட்டும். அடுத்து மறுபக்கம் சாய்த்து அதேபோல் இழுங்கள். பலம் முழுவதையும் கொடுத்து அழுத்துவதால் கொக்கி பெரிதாகுமே தவிர நன்றாக வெட்டாது. தகட்டின் முகத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாகக் கட்டைவிரலை மெல்ல நகர்த்தினால் ஒரு சிறு தடுப்பு தெரியும். அதுதான் கொக்கி. விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும்.

6. சோதித்தல்: தகட்டை இரு கைகளாலும் பிடித்து, பின்புறம் இரு கட்டைவிரல்களால் அழுத்தி லேசாக வில்போல் வளைத்து, முன்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். வெங்காயச் சருகு போல மெல்லிய சுருள் வந்தால் தகடு தயார். தூள் மட்டும் உதிர்ந்தால் சாய்வைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் இரண்டாவது படியிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

வேலை செய்யும்போது தகடு சூடாகும். கட்டைவிரல் சுடாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம்.

கணைக்கு ஒரு பிறைத் தகடு

நேர் விளிம்புத் தகடு பலகைக்கும் நுகத்தடிக்கும் சரி. உருண்டையான கணைக்கு, பிறை நிலா போல உட்குழிந்த விளிம்பு இருந்தால் வேலை விரைவில் முடியும். கைக்குப் பழகிய பழைய கணை ஒன்றைத் தகட்டின் ஓரத்தில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் அகலமாகப் பிறை வரைந்துகொள்ளுங்கள். அரைவட்ட அரத்தால் ராவிக் குழியுங்கள். குழிவு கணையின் அளவுக்கே இருந்தால் இரு முனைகளும் மரத்தைக் கீறும். அதனால்தான் சற்று அகலம் வேண்டும். இந்த விளிம்பில் கொக்கி எழுப்பாமல், அரம் போட்டு ஒருமுறை கல் ஓட்டியதோடு விட்டாலும் நன்றாகவே சுரண்டும்.

தகட்டின் மறுமுனையை வெளிப்பக்கம் வளைவாக அரைத்துக்கொண்டால் மரவையின் உட்புறத்தையும் அகப்பைச் சிரட்டையின் உட்புறத்தையும் சுரண்டலாம். சிரட்டையின் வெளிநாரை எடுக்கப் பிறை விளிம்பு உதவும். ஒரே தகட்டில் நான்கு விளிம்பு, நான்கு வேலை.

எந்த மரம்? எப்போது வெட்டுவது?

நாட்டுக் கருவேலம், விடத்தேரை, புளி, பூவரசு ஆகியவை கணைக்கும் பிடிக்கும் பேர்போனவை. இவற்றோடு சீமைக் கருவேலத்தையும் சேர்க்கலாம். குளத்தையும் கரையையும் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும் மரம்தான். ஆனால் அதன் வைரம் கெட்டியானது, காயும்போது சுருங்குவதும் முறுக்குவதும் மிகக் குறைவு. நேரான நீளத் துண்டு கிடைப்பது அரிது என்பதால் மம்பட்டிக் கணைக்குத் தேடிப் பிடிக்க வேண்டும். அரிவாள் பிடி, களைக்கொத்திப் பிடி, உளிப் பிடிக்குத் தாராளமாகக் கிடைக்கும். கரி மூட்டத்துக்குப் போகும் விறகிலிருந்து நான்கு துண்டை எடுத்து வைத்தாலே ஒரு வீட்டுக்குப் போதும். மேற்கே மலையடிவாரத்தில் இருப்பவர்கள், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு குச்சிகூட வெட்டக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். சொந்த வரப்பில் நிற்கும் பனையை வெட்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

கணைக்கு மரத்தை ரம்பத்தால் அறுப்பதைவிடக் கோடாலியால் பிளப்பது நல்லது. பிளக்கும்போது நார் ஓட்டத்தின் வழியே பிரியும். அப்படிக் கிடைத்த துண்டில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும். அறுத்த துண்டில் நார் பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால், பலமாகக் கொத்தும்போது அந்த இடத்தில்தான் கணை முறியும்.

பிளந்த துண்டின் இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசினால் வெடிப்பு குறையும். கெட்டியாகச் சாணி பூசுவதும் உண்டு. வெயில் படாமல், காற்றோட்டமான நிழலில் அடுக்கி வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு துண்டை வாரம் ஒருமுறை கடைத் தராசில் எடை போட்டு, அதன்மேலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது. பிசானம் அறுவடை முடிந்ததும் பிளந்து வைத்தால், கோடையில் காய்ந்து காருக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் கணை தயாராகும்.

கோடையில் காய்ந்த மரத்தில் போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துப் பருத்திருக்கும். அப்போது இறுக்கமாகப் போட்ட கணை, கோடையில் சுருங்கி ஆடும். ஆடுகிற மம்பட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது வழக்கம். அன்றைக்கு இறுகும். ஆனால் ஊறிப் பருத்த நார் இரும்பு வளையத்தில் மோதி நசுங்கிவிடுவதால், மறுபடி காயும்போது முன்பைவிட அதிகமாக ஆடும். ஓங்கிக் கொத்தும்போது தலை கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவர் கால் போகும். ஊறவைப்பதை விட்டு, காய்ந்த ஆப்பை அடித்து இறுக்குவதே பாதுகாப்பு.

கணை செதுக்கும் வரிசை

முதலில் வெட்டரிவாளாலோ வாச்சியாலோ துண்டைச் சதுரமாகச் செதுக்குங்கள். சதுரத்தின் நான்கு மூலைகளைச் சீவினால் எண்கோணம் வரும். எண்கோணத்தின் மூலைகளைச் சீவினால் கிட்டத்தட்ட உருண்டை. இந்த வரிசையை விட்டு, எடுத்தவுடனே உருட்டப் பார்த்தால் கணை கோணலாகும். இதற்குப் பிறகுதான் சுரண்டுதகடு. பிறை விளிம்பை நாரின் போக்கில் வைத்து நீளமாக இழுங்கள். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை கணையைக் கொஞ்சம் உருட்டிக்கொள்ளுங்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் தகட்டைக் கோணலாகப் பிடித்தால் அதிராமல் போகும்.

கைப்பிடியின் கனம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கைக்கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒன்றேகால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை. கடையில் விற்கும் கணை பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். களை எடுக்கவும் வரப்பு வெட்டவும் வரும் பெண்கள் அதே தடித்த பிடியை நாள் முழுவதும் இறுக்கிப் பிடித்து, மாலையில் விரலை மடக்க முடியாமல் போகிறார்கள். பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டால் அளவு சரி. தொடவில்லையா? சுரண்டுதகட்டால் பத்து நிமிடம் சுரண்டினால் போதும். இப்படிப் பிடிக்கிறவர் கைக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்பதுதான் இந்தக் கருவியின் பெரிய லாபம்.

மாட்டுக்கும் இதே கணக்குத்தான். நுகத்தடியில் கழுத்து படும் இடம் வெடித்தும் சிலாம்பாகவும் இருந்தால் காளைக்குக் கழுத்துப் புண் வரும். உழவு தொடங்கும் முன் அந்த இடத்தை நேர் விளிம்புத் தகட்டால் சுரண்டி, கூர்மையான ஓரங்களை மழுக்கிவிட வேண்டும். தொட்டில் கம்பு, குழந்தையின் நடைவண்டி, கட்டில் கால் என்று வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது.

மேலே என்ன பூசுவது?

கைபடும் இடத்தில் வார்னிஷோ பெயின்டோ வேண்டாம். அது வியர்வையை உறிஞ்ச விடாது. கை வழுக்கும், வழுக்காமல் இருக்க இறுக்கிப் பிடிப்பதால் கொப்புளம் வரும். சுரண்டி முடித்த மரத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, சிறிது நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இந்த எண்ணெய் காற்றுப் பட்டு மரத்துக்குள்ளேயே இறுகும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பூசலாம். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகு அப்புறப்படுத்துங்கள். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் பூசினால் பூச்சிக்கு நல்லது. ஆனால் அவை இறுகாது, பிசுபிசுக்கும். அதனால் இரும்பு நுழையும் முனையில் மட்டும் தடவலாம்.

வழக்கமாக எழும் கேள்விகள்

*கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது நம் வழக்கம்தானே, அது போதாதா?*
கண்ணாடிச் சில்லு நன்றாகவே சுரண்டும். ஆனால் சீக்கிரம் மழுங்கும், கையில் உடையும். உதிரும் நுண்துணுக்கு மரச்சுருளோடு கலந்து தொழுவத்துக்கோ வைக்கோலுக்கோ போனால் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். தகட்டில் இந்த ஆபத்துக் கிடையாது.

*ஒருமுறை எழுப்பிய கொக்கி எவ்வளவு நாள் வரும்?*
மரத்தின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. கருவேலத்தில் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதும் அரத்தை எடுக்க வேண்டாம். வால்வுத் தண்டால் நான்காவது, ஐந்தாவது படிகளை மட்டும் மறுபடி செய்யுங்கள். சில தடவை இப்படியே ஓட்டலாம். அதற்கும் வராதபோது அரமும் கல்லும் போட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும்.

*பச்சை மரத்தில் சுரண்டலாமா?*
உருவம் செதுக்குவதைப் பச்சையில் செய்யலாம், அரிவாளுக்கு எளிது. சுரண்டுவதைக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும். ஈர மரத்தில் நார் பஞ்சுபோல எழும்பும்.

*இரும்புப் பைப்பில் கணை போட்டால் முறியவே முறியாதே?*
முறியாதுதான். ஆனால் கனம் கூடும். வெயிலில் சுடும், ஓங்கிக் கொத்தும் அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஏறும். மோட்டார் அறைப் பக்கம் ஒயர் அறுந்து கிடந்தால் பைப் கரண்ட்டையும் கடத்தும். மரக்கணைதான் கைக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

*பழைய அரத்தையே கடைசல் உளியாகத் தீட்டிக்கொள்ளலாமா?*
வேண்டாம். அரம் மிகக் கடினமானது என்பதால் எளிதில் ஒடியும். சுழலும் மரத்தில் மாட்டி ஒடிந்தால் துண்டு முகத்துக்குப் பாயும். கடைசல் வேலைக்குக் கொல்லரிடம் சொல்லித் தகுந்த எஃகில் அடித்து வாங்குவதே சரி.

*சிலாம்பு ஏறிவிட்டால்?*
சுத்தமான ஊசியால் முழுவதுமாக எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாதி உள்ளே ஒடிந்து நின்றாலோ, மண்ணும் சாணமும் பட்ட மரமாக இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவைப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னச் சிலாம்புதானே என்று விடுவதில்தான் ஆபத்து.

எடுத்து வைக்கும் முறை

வேலை முடிந்ததும் தகட்டை எண்ணெய்த் துணியால் துடைத்து, நீளவாக்கில் பிளந்த பழைய சைக்கிள் டியூபையோ பாலைப் பிளந்த மூங்கில் துண்டையோ விளிம்பில் மாட்டி வையுங்கள். இரும்புச் சாமான்களோடு பெட்டியில் போட்டால் கொக்கி நசுங்கிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

ஒரு கை ரம்பத்தில் இப்படி ஐந்தாறு தகடு வெட்டலாம். ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும், மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம். மகளிர் குழுவோ உழவர் குழுவோ கோடையில் ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்தால், குழுவில் உள்ள எல்லார் மம்பட்டிக் கணையையும் அவரவர் கைக்கு ஏற்றபடி சுரண்டிச் சரிசெய்துவிடலாம். சீமைக் கருவேலத் துண்டுகளை இந்தப் பங்குனியிலேயே நிழலில் அடுக்கி வைத்தால், வாய்க்காலில் தண்ணீர் வரும்போது புதுக் கணையோடு வயலில் இறங்கலாம்.